மீன் வளர்ப்பு குரூப் மெயில்: ரிப்ளை யாருக்குப் போகிறது, எந்த செட்டிங்கை மாற்றுவது, பதிலை எப்படி எழுதுவது

வாட்ஸ்அப் குரூப்பில் எதைத் தட்டினாலும் எல்லோருக்கும் போய்விடும். அதே பழக்கத்தோடு மெயில் குரூப்புக்கு வருகிறவர் இரண்டு விதமாக மாட்டிக்கொள்கிறார். எல்லோருக்கும் போகும் என்று நினைத்து எழுதிய பதில் ஒருவரிடம் மட்டும் போய் நிற்கும். ஒருவரிடம் மட்டும் கேட்ட விலை அறுபது பேர் இன்பாக்ஸில் விழும்.

மெயிலில் பதில் எங்கே போகும் என்பதை இரண்டு செட்டிங்குகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒன்று அட்மின் குரூப்பில் வைத்தது. மற்றொன்று உங்கள் மெயில் ஆப்பில் முதலிலேயே இருப்பது. இரண்டையும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொளத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் வண்ணமீன் வளர்ப்பவர்கள் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து நடத்தும் குரூப்பை வைத்து இதை எழுதியிருக்கிறோம். புறா, மாடித் தோட்டம், கேரம் என்று எந்தக் குழுவுக்கும் படிகள் இவைதான். உதாரணத்துக்குக் கூகுள் குரூப்ஸும் ஜிமெயிலும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சொந்த மெயில் முகவரி ஒன்று வேண்டும். ஆபீஸ் முகவரி வேண்டாம். வேலை மாறினால் அந்த முகவரி போய்விடும், அத்தனை வருட உரையாடலும் கூடவே போய்விடும். தவிர, ஆபீஸ் மெயிலின் அடியில் "இந்தச் செய்தி ரகசியமானது" என்று பத்து வரி தானாக ஒட்டிக்கொள்ளும். கப்பி மீனுக்கு என்ன தீனி போடுவது என்று கேட்ட மெயிலுக்கு அது தேவையா?

கணினி பத்து நிமிடம் கிடைத்தால் போதும். குரூப் செட்டிங் முழுதையும் போனில் மாற்றுவது சிரமம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து செய்தாலும் சரி, முடிந்ததும் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

சோதனைக்கு இன்னொரு ஆள் வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் தேவை என்பது 5-ஆம் படியில் வருகிறது.

1. அறுபது முகவரியையும் "டூ" வரியில் அடுக்காதீர்கள்

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: ஒரு மெயில், "டூ" வரியில் எல்லா முகவரியும். முதல் வாரம் நன்றாக ஓடும். பிறகு ஒருவர் விலக வேண்டும் என்பார். அவரை எடுத்துவிட்டு நீங்கள் அனுப்புவீர்கள். வேறொருவர் பழைய மெயிலுக்கு ரிப்ளை ஆல், அதாவது அதில் இருக்கும் எல்லோருக்கும் பதில், போடுவார், விலகியவர் மறுபடி உள்ளே வந்துவிடுவார். புதிதாகச் சேர்ந்தவருக்கோ பழைய மெயில் எதுவும் கிடைக்காது.

அதனால் முதல் வேலை, கூகுள் குரூப்ஸில் குழுவுக்கென்று ஒரே முகவரி எடுப்பது. அதற்கு அனுப்பும் மெயில் எல்லா உறுப்பினருக்கும் போகும். யார் உள்ளே, யார் வெளியே என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும். மெயில்களும் அங்கே சேர்ந்துகொண்டே போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் ஏர் பம்ப்பை பேட்டரியில் ஓட்டியது எப்படி என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அடுத்த மழைக்கு இரண்டு சொல்லில் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

2. அட்மின் வேலை: பதில் எங்கே போக வேண்டும்

உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். முப்பது பேர் பழகிய பிறகு மாற்றினால் கை பழைய பழக்கத்திலேயே போகும். தனியாக நினைத்தது பொதுவில் விழுவது பெரும்பாலும் அந்த மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில்தான்.

குரூப் பக்கத்தில் குரூப் செட்டிங்ஸ், அதில் இமெயில் ஆப்ஷன்ஸ், அதற்குள் "போஸ்ட் ரிப்ளைஸ் டு". அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

பதில் எல்லா உறுப்பினருக்கும் என்று வைத்தால், ரிப்ளை அழுத்தினாலும் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் குரூப்புக்கே போகும். எழுதியவருக்கு மட்டும் அனுப்ப வேண்டுமானால் அவர் முகவரியைக் கையால் எடுத்துப் போட வேண்டும்.

எழுதியவருக்கு மட்டும் என்று வைத்தால் ரிப்ளை அவருக்குப் போகும். குரூப்புக்கும் போக வேண்டுமென்றால் ரிப்ளை ஆல்.

உறுப்பினரே முடிவு செய்யட்டும் என்று வைத்தால் குரூப் தலையிடாது. ரிப்ளை போட்டால் மெயில் எழுதியவருக்கு, ரிப்ளை ஆல் போட்டால் அவருக்கும் குரூப்புக்கும். இதில் கேட்டவருக்கு ஒரே பதில் நேராக ஒரு தடவை, குரூப் வழியாக ஒரு தடவை வரும். ஜிமெயில் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். வேறு ஆப் வைத்திருப்பவர் "ஏன் ரெண்டு தடவை அனுப்புறீங்க" என்று கேட்பார்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பொதுவில் போக வேண்டியது தனியாகப் போனால் நஷ்டம் சின்னது, திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். தனியாகப் போக வேண்டியது பொதுவில் விழுந்தால் திரும்பப் பெற முடியாது. இந்தக் கணக்குப்படி "எழுதியவருக்கு மட்டும்" என்பதே பத்திரம். ஆனாலும் வளர்ப்பு பற்றிப் பேசும் குழுவுக்கு எல்லோருக்கும் என்று வைப்பதைத்தான் நாங்கள் சொல்வோம். இல்லாவிட்டால் கேள்வி மட்டும் குரூப்பில் நிற்கும், பதிலெல்லாம் தனித்தனி இன்பாக்ஸில் புதைந்துவிடும். மூன்று மாதம் கழித்து அதே கேள்வி வரும், அதே ஆள் மறுபடி எழுத வேண்டியிருக்கும், நாலாவது தடவை அவர் எழுத மாட்டார். வாங்கல் விற்றல்தான் அதிகம் என்றால் மட்டும் எழுதியவருக்கு என்று வையுங்கள்.

அதே பக்கத்தில் "சப்ஜெக்ட் பிரீஃபிக்ஸ்" இருக்கும். தலைப்பின் முன்னால் குரூப் பெயரை ஒட்டுவது இதுதான். "[மீன்]" மாதிரி ஒரே சொல் போதும். "[வடசென்னை வண்ணமீன் வளர்ப்போர் நண்பர்கள்]" என்று வைத்தால் போன் திரையில் அது மட்டும்தான் தெரியும், கேள்வி தெரியாது.

ஃபுட்டர், அதாவது ஒவ்வொரு மெயிலின் அடியிலும் வரும் வரி, ஆனில் இருக்கட்டும். விலகும் வழி அதில் இருக்கிறது. அது அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டால் "என்னை எடுத்துவிடுங்கள்" என்ற மெயில் அறுபது பேருக்கும் வரும்.

கடைசியாக, உரையாடலை யார் பார்க்கலாம் என்ற செட்டிங். உறுப்பினர் மட்டும் என்றே வையுங்கள். வெளியில் இருப்பவர் யாரும் பார்க்கலாம் என்றிருந்தால் மெயிலின் அடியில் கையெழுத்தாகப் போட்ட போன் நம்பரும் வீட்டுத் தெருவும் ஊருக்கே தெரியும்.

3. உறுப்பினர் வேலை: கணினியில் ஜிமெயில்

வலது மேல் மூலையில் பல்சக்கரம், "சீ ஆல் செட்டிங்ஸ்", "ஜெனரல்". மேலிருந்து கீழே வாருங்கள்.

"அன்டூ சென்ட்": முதலில் 5 விநாடி என்று இருக்கும். 30 ஆக்குங்கள். அனுப்பிய பிறகு மெயிலைப் பிடித்து நிறுத்த உங்களுக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். தப்பாகப் போய்விட்டது என்று மூளைக்கு உறைக்கவே 5 விநாடி ஆகிவிடுகிறது.

"டிஃபால்ட் ரிப்ளை பிஹேவியர்": ரிப்ளை, ரிப்ளை ஆல் என்று இரண்டு. ரிப்ளை என்பதிலேயே விடுங்கள். "குரூப்புக்குத்தான் அதிகம் எழுதுகிறேன்" என்று ரிப்ளை ஆலுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. இந்த செட்டிங் குரூப் மெயிலுக்கு மட்டும் கிடையாது, உங்கள் பள்ளி, பேங்க், ஆபீஸ் மெயில் அத்தனைக்கும் சேர்த்துத்தான். 2-ஆம் படி சரியாக முடிந்திருந்தால் இதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

"கான்வர்சேஷன் வியூ": ஒரே பேச்சை ஒரு கட்டாகக் காட்டுவது. ஆனில் இருக்கட்டும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, 8-ஆம் படியில் பார்க்கலாம்.

"சிக்னேச்சர்": மெயிலின் அடியில் தானாக வரும் கையெழுத்து. புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாம். பதிலுக்கு "நோ சிக்னேச்சர்" போதும். புது மெயிலுக்குப் பெயரும் ஏரியாவும் இரண்டு வரி. ஏரியா ஏன்? தண்ணீருக்காக. திருவொற்றியூர் போர் தண்ணீரும் கொளத்தூர் போர் தண்ணீரும் ஒன்றில்லை. கடலோரத்தில் உப்பு ஏறியிருக்கும், டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எங்கேயோ நிற்கும். ஏரியா தெரிந்தால் பதில் சொல்கிறவர் பாதி தூரம் வந்துவிடுவார்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்தின் அடிக்குப் போய் "சேவ் சேஞ்சஸ்" அழுத்த வேண்டும். அழுத்தாமல் பக்கத்தை மூடிவிட்டு "மாத்தினேன், மாறலையே" என்பவர்கள் நிறைய.

4. போனில் தனியாக ஒரு தடவை

கணினியில் மாற்றியது போன் ஆப்புக்கு அப்படியே வந்துவிடாது. ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் மூன்று கோடு, செட்டிங்ஸ், "ஜெனரல் செட்டிங்ஸ்", "டிஃபால்ட் ரிப்ளை ஆக்ஷன்". அதுவும் ரிப்ளை என்று இருக்கிறதா பாருங்கள். அன்டூ போனில் சில நொடிதான் தெரியும், 30 விநாடி கிடைக்காது. அதனால் வேகமாகப் போக வேண்டாத பதிலைப் போனில் டிராஃப்டாக வைத்துவிட்டு, நிதானமாக ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

குரூப் மெயிலுக்குச் சத்தம் வேண்டாம் என்றால், மெயில்களை லேபிளில், அதாவது பெயர் ஒட்டிய தனிப் பெட்டி மாதிரி ஒன்றில், ஒதுக்குவதுதான் வழி. கணினியில் ஜிமெயில் தேடல் கட்டத்தில் "லிஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, குரூப் முகவரி மூன்றையும் இடைவெளி விடாமல் அடித்தால் அந்தக் குரூப்பின் மெயில் மட்டும் வரும். அதையே ஃபில்டராக்கி ஒரு லேபிள் கொடுங்கள். "நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்" என்பதையும் டிக் செய்யுங்கள். "ஸ்கிப் த இன்பாக்ஸ்" உங்கள் விருப்பம். செய்தால் இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கும், லேபிளைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால் குரூப்பையே மறந்துவிடுவீர்கள்.

மெயில் அதிகம் வருகிறது என்று உடனே விலகவும் வேண்டாம். குரூப் பக்கத்தில் உங்கள் உறுப்பினர் செட்டிங்கில் "டைஜெஸ்ட்" இருக்கிறது. 25 மெயில் வரை ஒன்றாகக் கட்டி அனுப்பும். படிக்க மட்டும் செய்பவர்களுக்கு அது வசதி. பதில் எழுதுகிறவர்களுக்கு ஆகாது, காரணம் 7-இல்.

5. இரண்டு பேர் சோதனை

குரூப்பைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்கு முன் அட்மினும் இன்னொருவரும் இதைச் செய்ய வேண்டும்.

ஒருவர் குரூப் முகவரிக்கு "சோதனை 1" என்று அனுப்புகிறார். மற்றவர் வெறும் ரிப்ளை அழுத்தி, எதுவும் எழுதுவதற்கு முன் "டூ" வரியில் என்ன வருகிறது என்று சொல்கிறார். பிறகு அதே மெயிலுக்கு ரிப்ளை ஆல். இரண்டையும் கணினியில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை. நாலு முடிவையும் எழுதி வைத்து, அதன் சாரத்தைக் குரூப்பின் முதல் மெயிலில் போடுங்கள்: "இங்கே ரிப்ளை அழுத்தினால் எல்லோருக்கும் போகும்." ஒரே வரி. விதிமுறை என்று இரண்டு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், இந்த வரியைப் படிப்பார்கள்.

இதற்கு ஆள் ஏன் வேண்டும்? நீங்கள் இருக்கும் கூகுள் குரூப்புக்கு நீங்களே அனுப்பிய மெயிலை ஜிமெயில் உங்கள் இன்பாக்ஸில் காட்டாது. அது சென்ட் பெட்டியில் மட்டும் இருக்கும். புதிதாக வருகிறவர் இதைத்தான் "போகவே இல்லை" என்று எடுத்துக்கொண்டு அதே கேள்வியை மூன்று தடவை அனுப்புகிறார். போனதா என்று பார்க்க குரூப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அல்லது இன்னொருவரைக் கேளுங்கள். மறுபடி அனுப்பிப் பார்ப்பது சோதனை ஆகாது.

6. தலைப்பு

"டவுட்", "ஹெல்ப் ப்ரோ", "அவசரம்" இவை தலைப்பு இல்லை. தலைப்பில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன பிரச்சினை, எந்த மீன், எந்தத் தொட்டி. "வெள்ளைப் புள்ளி – மாலி – 2 அடி தொட்டி" என்று பார்த்ததும் தெரிந்தவர் திறப்பார், தெரியாதவர் நகர்ந்துவிடுவார்.

தமிழில் எழுதும்போது இன்னொன்று. ஜிமெயில் தேடல் பெரும்பாலும் முழுச் சொல்லாகவே பார்க்கிறது. "தொட்டி" என்று தேடினால் "தொட்டியில்" அகப்படாது, "கப்பி" என்று தேடினால் "கப்பிக்கு" அகப்படாது. அதனால் தலைப்பில் வேற்றுமை உருபு ஒட்டாமல் வெறும் சொல்லாகப் போடுங்கள். தங்கிலீஷிலும் அதே சிக்கல், இன்னும் மோசமாக. ஒரே மீனை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் அடிப்பார்கள். தமிழ் எழுத்திலேயே தலைப்பு என்று குரூப்பில் முடிவு செய்துகொள்வது நல்லது. உள்ளே எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும்.

புதுக் கேள்விக்கு "கம்போஸ்" அழுத்துங்கள். பழைய மெயில் ஒன்றைத் திறந்து, ரிப்ளை போட்டு, தலைப்பை மட்டும் மாற்றுவது குறுக்கு வழி. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் "இது எதற்குப் பதில்" என்ற குறிப்பு போகிறது. ஜிமெயில் தலைப்பு மாறினால் தனிக் கட்டாகக் காட்டினாலும், வேறு பல ஆப்கள் அந்தக் குறிப்பை வைத்து உங்கள் புதுக் கேள்வியைப் பழைய பேச்சின் வாலில் தொங்கவிட்டுவிடும். அந்தப் பழைய பேச்சை இன்பாக்ஸுக்கு வராதபடி மியூட் செய்தவருக்கு உங்கள் கேள்வி வந்ததே தெரியாமல் போகலாம்.

7. பதில் எழுதுதல்

ஒரு கேள்வி மெயிலை எடுத்துக்கொள்வோம்.

"2 அடி தொட்டி, தண்ணீர் சுமார் 50 லிட்டர். மாலி 6. மூன்று நாளாக வாலிலும் துடுப்பிலும் வெள்ளைப் புள்ளி. போர் தண்ணீர், டிடிஎஸ் 900. செடி இல்லை. கல் உப்பு போடலாமா, எவ்வளவு? தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது?"

இதற்கு வழக்கமாக வரும் பதில்: "போடலாம் ப்ரோ, 50 கிராம்." கீழே பழைய மெயில் முழுதும், அதற்குக் கீழே அதற்கு முந்தைய மெயில்.

பதில் தப்பில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து இதைத் தேடி எடுப்பவர் "50 கிராம்" என்பதை மட்டும் பார்ப்பார். அவரிடம் இருப்பது 20 லிட்டர் தொட்டி என்றால் லிட்டருக்கு 2.5 கிராம் ஆகிவிடும். நீளம் 3 அடி, அகலம் உயரம் ஒன்றரை அடி தொட்டி என்றால் 190 லிட்டருக்குக் கிட்ட வரும், 50 கிராம் எதற்கும் போதாது.

அதே பதிலை இப்படி எழுதலாம்:

> கல் உப்பு போடலாமா, எவ்வளவு?

போடலாம். லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. உங்கள் 50 லிட்டருக்கு 50 கிராம். தனியாகத் தண்ணீரில் கரைத்து, ஒரே நாளில் மூன்று பங்காக ஊற்றுங்கள். மாலி உப்பு தாங்கும். செடி வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

> தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது?

இரண்டு நாளுக்கு ஒரு தடவை கால் பங்கு, சுமார் 12 லிட்டர். வெளியே எடுத்த 12 லிட்டரோடு 12 கிராம் உப்பும் போயிருக்கும். புதுத் தண்ணீரில் அந்த 12 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். மறுபடி 50 போட்டுவிடாதீர்கள்.

கேள்வி வரி மேலே, பதில் அதன் அடியில். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பழைய வரி எதுவும் இல்லை. இரண்டு கேள்வியில் எதற்கு எது பதில் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

செய்யும் விதம்: ரிப்ளை அழுத்தியதும் மூன்று புள்ளி தெரியும். அதைத் தட்டினால் பழைய மெயில் விரியும். தேவையான கேள்வி வரியை காப்பி செய்யுங்கள், மீதி அத்தனையையும் அழியுங்கள், மேலே ஒட்டி முன்னால் ஒரு அம்புக்குறி போடுங்கள். போனிலும் இது வேலை செய்யும்.

"பழைய மெயில் அங்கே இருந்தால் என்ன, கண்ணில் படவே இல்லையே" என்று ஜிமெயில்காரர்கள் கேட்பார்கள். ஜிமெயில் அதை மூன்று புள்ளிக்குள் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். வேறு ஆப்பில் படிப்பவரும் டைஜெஸ்ட் வாங்குகிறவரும் ஒரு வரிப் பதிலுக்காகப் பத்துத் திரை தள்ள வேண்டும். மெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போனால் ஜிமெயிலே பாதியில் வெட்டிவிடும்.

டைஜெஸ்ட் வாங்குகிறவர் அதற்கே ரிப்ளை போடக் கூடாது. தலைப்பில் குரூப் முகவரியும் எத்தனை மெயில் என்ற கணக்கும்தான் இருக்கும், எந்தப் பேச்சுக்குப் பதில் என்று யாருக்கும் புரியாது, 25 மெயிலும் வாலாக வரும். குரூப் பக்கத்துக்குப் போய் அந்த உரையாடலைத் திறந்து அங்கே எழுதுங்கள்.

"நன்றி அண்ணா", "சூப்பர்" இவற்றைக் குரூப்புக்கு அனுப்ப வேண்டாம். நன்றி சொல்ல ஆசை என்றால் நாலு நாள் கழித்து "புள்ளி போய்விட்டது, உப்பு மூன்று தடவை போட்டேன், ஒரு மாலி செத்தது" என்று எழுதுங்கள். பதில் சொன்னவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை, தேடி வருகிறவருக்கும் பயன்படும்.

பேச்சு மொழி பற்றி ஒன்று. "இன்னா தல, இதுகூடத் தெரியாதா" என்பது டீக்கடையில் பாசம். மெயிலில் முகம் தெரியாது, குரல் தெரியாது, அறுபது பேர் முன்னால் அது அவமானமாகப் படும். குரூப்பில் "நீங்கள்", "அண்ணா", "அக்கா", "சார்". "மச்சி" தனி மெயிலில்.

8. அனுப்பும் முன் "டூ" வரி

எழுதி முடித்ததும் மேலே பாருங்கள். போனில் முகவரி சுருங்கிப் பெயராக மட்டும் தெரியும், அதைத் தட்டி விரித்துப் பாருங்கள். குரூப் முகவரியா, ஆள் முகவரியா?

3-ஆம் படியில் சொன்ன கண்ணி இதுதான். பேச்சின் நடுவில் ஒருவர் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதினார் என்று வையுங்கள். தலைப்பு அதேதான். அதனால் ஜிமெயில் அந்தத் தனி மெயிலையும் குரூப் மெயில்களோடு ஒரே கட்டில் செருகிவிடும். பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அடியில் இருக்கும் ரிப்ளை பட்டன் கடைசி மெயிலுக்கு உரியது. அதற்குள் வேறு யாரோ குரூப்பில் எழுதியிருந்தால், தனியாகப் பேசுவதாக நினைத்து நீங்கள் எழுதுவது குரூப்புக்குப் போகும்.

தப்பிக்க இரண்டு பழக்கம். எந்த மெயிலுக்குப் பதிலோ அந்த மெயிலின் வலது மூலையில் இருக்கும் வளைந்த அம்பையே அழுத்துங்கள், கட்டின் அடியில் இருப்பதை அல்ல. அனுப்பியவர் பெயருக்குக் கீழே "டூ மீ" என்று இருந்தால் உங்களுக்கு மட்டும் வந்தது, குரூப் பெயர் இருந்தால் எல்லோருக்கும் வந்தது.

பணம், போன் நம்பர், வீட்டு முகவரி, கடைக்காரர் மேல் கோபம் இந்த நாலுக்கும் ரிப்ளையே வேண்டாம். கம்போஸ் அழுத்தி, அவர் முகவரியைக் கையால் அடித்து, புதுத் தலைப்பில் அனுப்புங்கள். சிலருடைய மெயில் குரூப் வழியாக வரும்போது அனுப்பியவர் முகவரியின் இடத்தில் குரூப் முகவரியே இருக்கும், பெயரோடு "வயா" என்று சேர்ந்திருக்கும். அதைப் பார்த்து அவர் முகவரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. படம், விற்பனை

நோய் கேட்கும்போது படம் கட்டாயம். ஆனால் போன் கேமரா படம் ஒன்று 3 முதல் 5 எம்பி வரும், ஐந்து படம் சேர்ந்தால் ஜிமெயிலின் 25 எம்பி எல்லை நெருங்கிவிடும். இணைப்பு மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால் 25 எம்பி முழுதும் உங்களுக்குக் கிடைக்காது. அகலம் 1280 பிக்சலுக்குச் சுருக்கி இரண்டு படம்: மீன் முழுதாக ஒன்று, புள்ளி கிட்டத்தில் ஒன்று. ஃப்ளாஷ் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும், அதனால் தொட்டி விளக்கு மட்டும் போதும்.

விற்பனைக்குத் தலைப்பில் "விற்பனை" என்று முதல் சொல். விலை, ஏரியா, எத்தனை மீன் என்பது முதல் இரண்டு வரியில். "பதில் எனக்குத் தனியாக" என்று எழுதி, உங்கள் மெயில் முகவரியை உள்ளேயே கொடுங்கள். ரிப்ளை குரூப்புக்குப் போகும் என்பதால் முகவரி இல்லாமல் தனியாக எழுதுவது வாங்க வருகிறவர்களுக்குச் சிரமம். விற்றதும் அதே பேச்சில் "விற்றாயிற்று" என்று ஒரு வரி.

10. தவறிப் போய்விட்டால்

30 விநாடிக்குள் என்றால் அன்டூ. அதற்குப் பிறகு குரூப் பக்கத்தில் இருந்து அட்மின் நீக்கலாம். நீக்கினாலும் ஏற்கெனவே இன்பாக்ஸ்களில் விழுந்தது அங்கேயே இருக்கும். அதனால் "அழித்துவிட்டேன், யாரும் படிக்காதீர்கள்" என்று எழுதுவதில் பயனில்லை, படிக்காதவரும் தேடிப் படிப்பார். "தனியாக அனுப்ப நினைத்தது, மன்னிக்கவும்" என்று ஒரு வரியோடு நிறுத்துங்கள். மற்றவர்கள் "பரவாயில்லை ப்ரோ" என்று வரிசையாகப் பதில் போட வேண்டாம். ஒவ்வொரு பதிலும் அந்த மெயிலை மறுபடி மேலே தூக்கும்.

அளவு தப்பாகச் சொல்லிவிட்டால் அதே பேச்சில் உடனே திருத்தம் அனுப்ப வேண்டும், முதல் வரியில் "திருத்தம்: லிட்டருக்கு 10 கிராம் அல்ல, 1 கிராம்". தப்பான எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

11. ஒதுங்க, விலக

ஒரு பேச்சு மட்டும் தொல்லை என்றால் மியூட். அந்தக் கட்டு இன்பாக்ஸுக்கு வராது, மற்றவை வரும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் குரூப் பக்கத்தில் உங்கள் உறுப்பினர் செட்டிங்கில் "நோ இமெயில்". உறுப்பினராகவே இருப்பீர்கள், மெயில் மட்டும் நிற்கும். வெக்கேஷன் ரெஸ்பாண்டர், அதாவது "ஊரில் இல்லை" என்று தானாகப் போகும் பதில், போடுகிறவர்கள் "என் கான்டாக்ட்ஸில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்பதை டிக் செய்துவிடுங்கள்.

முழுதாக விலக, மெயிலின் அடியில் இருக்கும் ஃபுட்டரில் ஒரு முகவரி இருக்கும்: குரூப் பெயர், கூட்டல் குறி, அதோடு ஒட்டி "அன்சப்ஸ்கிரைப்". அதற்கு வெற்று மெயில் அனுப்பினால் போதும். ஆனால் எந்த முகவரியில் சேர்ந்தீர்களோ அதிலிருந்தே அனுப்ப வேண்டும். போனில் இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவர்கள் மற்றொன்றிலிருந்து அனுப்பிவிட்டு, மெயில் நிற்கவில்லை என்று அட்மினைத் திட்டுகிறார்கள். அனுப்பும் முன் "ஃப்ரம்" வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.